அலமு, லச்சு, சரசு: பாட்டி காலத்துச் செல்லப் பெயர்கள் மீண்டும் வழக்கத்துக்கு வருமா?

காவிரிக்கரை எழுதியது:

எங்களுக்கு அண்மையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். கணவருடைய தந்தைவழிப் பாட்டியின் பெயர் அலமேலு. ஆனால் அலமு என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். குழந்தையையும் அலமு என்றே அழைக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். கார்த்திகை முதல் பாதத்தில் பிறந்திருப்பதால் ‘அ’ என்ற எழுத்தும் பொருந்திவிட்டது. சோதிடம் பார்க்கும் பெரியவர்கள் தரப்பில் தடையில்லை. தடை சொல்பவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். தோழிகளும் நாத்தனாரும், இது கிழவிப் பெயர் என்றும், பள்ளிக்குப் போகும் வயதில் குழந்தை எங்களைக் குறை சொல்வாள் என்றும் எச்சரிக்கிறார்கள். அலமு, லச்சு, சரசு, கோமு போன்ற செல்லப் பெயர்கள் மீண்டும் நாகரிகமாகக் கருதப்படும் காலம் வருமா, அல்லது எங்கள் மகள் மட்டும் தனித்து நிற்க நேருமா என்பதை அறிய விரும்புகிறேன். வாழ்த்துச் சொல்வதைவிட, காரணத்தோடு கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாலாம் வீதி எழுதியது:

என் கருத்து, வரும் என்பதே. செல்லப் பெயர் உண்டாகும் வாய்பாடு நம்மிடம் மாறவே இல்லை. நீண்ட பெயரின் முன்பகுதியை எடுத்துக்கொண்டு உகரத்தில் முடிப்பது அன்றைய வழக்கம்: சரஸ்வதி சரசு ஆனாள், லட்சுமி லச்சு ஆனாள், கோமதி கோமு ஆனாள். இன்றைய பெற்றோர் தன்யஸ்ரீயைத் தனு என்றும், மித்ராவை மித்து என்றும், ஆராதனாவை ஆரு என்றும் கூப்பிடும்போது அதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆகவே அலமு என்ற ஒலி இன்றைய காதுக்கு அந்நியமானதன்று. பழையதாகிவிட்டது அலமேலு என்ற முழுப்பெயர்தான். முழுப்பெயரை வைப்பவர்கள் குறைந்ததால் அதன் குட்டிப் பெயரும் கூடவே மறைந்தது.

முழுப்பெயரிலிருந்து கழன்றுகொண்ட செல்லப் பெயர்கள் பிழைத்திருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பழைய நடிகை சச்சுவின் இயற்பெயர் சரஸ்வதி என்பது பலருக்கு நினைவிராது. சச்சு என்பதே தனிப்பெயராகி நின்றுவிட்டது. ஜானகியை ஜானு என்று அழைப்பதும் பாட்டி காலத்து வழக்கம்தான். 2018-இல் வந்த ‘96’ திரைப்படத்தில் நாயகி ஜானகியை ஜானு என்றார்கள்; 2020-இல் அதன் தெலுங்கு ஆக்கத்துக்கு ‘ஜானு’ என்றே தலைப்பிட்டார்கள். அந்தப் பெயரை இன்று கேட்பவர் யாருக்கும் வெற்றிலைப் பெட்டியும் ஊன்றுகோலும் நினைவுக்கு வருவதில்லை.

திரும்பி வராதவை என்று நான் கருதுவது மகர மெய்யில் முடியும் பெயர்களைத்தான். கனகம், பங்கஜம், மரகதம், பாக்கியம் ஆகியவை அழகான பெயர்களே. ஆனால் இன்று வைக்கப்படும் பெண் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே ஆ, இ, ஈ என்ற உயிரொலியில் முடிகின்றன. அந்த வரிசையில் ‘ம்’ என்று வாயை மூடி முடிக்கும் பெயர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

வருகைப் பதிவேடு எழுதியது:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற அச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் பழையது, எந்தப் பெயர் புதியது என்பது தெரியவே தெரியாது; அந்த வேறுபாடு பெற்றோரின் தலையில் இருப்பது. பிள்ளைகள் ஒலியை வைத்துத்தான் கேலி செய்வார்கள். உங்கள் மகளை யாராவது ஒரு பையன் ‘அலமாரி’ என்று கூப்பிடப் போகிறான். அதை இப்போதே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். நேத்ராவை ‘நேத்து’ என்று கூப்பிட்டு, ‘நேத்து இன்னைக்கு வரலை டீச்சர்’ என்று ஒரு வகுப்பே சிரித்ததைப் பார்த்தவள் நான். புதுப்பெயருக்கும் அதிலிருந்து விடுதலை இல்லை.

உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. என் வகுப்புப் பதிவேட்டில் தன்விகா, தன்ஷிகா, தன்யஸ்ரீ, தனுஸ்ரீ என்று அடுத்தடுத்துப் பெயர்கள் வருகின்றன. ‘தனு’ என்று அழைத்தால் பாதி வரிசை எழுந்து நிற்கிறது. எனவே தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, எம். தனு, ஆர். தனு என்று அழைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். எல்லோரும் வேறுபட்ட பெயர் வேண்டும் என்று தேடிப்போய் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். இப்படியொரு வகுப்பில் அலமு என்ற பெயர் முதல் நாளிலேயே எல்லோர் மனத்திலும் பதிந்துவிடும்.

எதிர்க்கரை எழுதியது:

மேலே சொன்னவற்றில் ஒலி பற்றிய பகுதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. நம்முடைய திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பல ஆண்டுகளாக அலமு, பட்டு, அம்புலு போன்ற பெயர்களை ஒரே வகைப் பாத்திரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றன: மடிசார் கட்டிய மாமி, மூக்குத்தி, வம்புப் பேச்சு, நகைச்சுவைக்கான பின்னணி இசை. பெயரைச் சொன்னவுடன் சாதியும் தெருவும் சேர்ந்து கண்முன் வந்து நிற்கின்றன. மற்ற நாடுகளில் பழைய பெயரை மீட்பவர்கள் அதன் காலத்தை மட்டும் சுமக்கிறார்கள். இங்கே சமூக அடையாளத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த அடையாளத்துக்கு உரியவர்களே அதை இறக்கி வைக்க விரும்பி ஆத்யா, அனன்யா என்று போய்விட்டார்கள். அதற்கு உரியவர் அல்லாதவர் எதற்காக அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

காமு என்ற பெயருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. காமாட்சி இன்னும் மதிப்போடு வைக்கப்படும் பெயர்தான். ஆனால் காமு என்று சுருக்கினால் பதின்ம வயதில் அந்தப் பெண் என்ன பாடு படுவாள் என்பதை விளக்க வேண்டியதில்லை. மகளைக் காமாட்சி என்று பதிந்துவிட்டு வீட்டில் மீனு என்று கூப்பிடும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தேம்ஸ் எழுதியது:

நான் இங்கிலாந்தில் வாழ்கிறேன். இங்கே இந்த மாற்றம் கண்முன்னே நடந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் வரிசையை வெளியிடுகிறது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐவி, ஃபுளோரன்ஸ் என்ற இரண்டு பெயர்கள் பெண் குழந்தைகளுக்கான முதல் 10 இடங்களுக்குள் வந்தன. இவை இரண்டும் விக்டோரியா, எட்வர்ட் காலத்துப் பெயர்கள். ஒரு காலத்தில் முதியோர் இல்லத்தில் மட்டும் கேட்டவை. செல்லப் பெயர்களின் நிலை இன்னும் வியப்பானது. எல்சி, மில்லி, ஈவி போன்றவை முன்பு எலிசபெத், மில்லிசென்ட், ஈவா என்ற பெயர்களின் வீட்டு வடிவங்கள். இன்று அவற்றையே பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயராக எழுதுகிறார்கள். பின்னால் நீண்ட பெயர் எதுவும் இருப்பதில்லை.

ஆனால் எல்லாப் பழைய பெயரும் திரும்பவில்லை. 1950-களிலும் 60-களிலும் கொடிகட்டிப் பறந்த சூசன், லிண்டா, டெபி ஆகிய பெயர்கள் முதல் 100 இடங்களில்கூட இல்லை. காரணம் எளியது. தாயின் தலைமுறைப் பெயர் சலித்துப்போனதாகத் தோன்றுகிறது. பாட்டியின் தலைமுறைப் பெயர் முதுமையின் வாடையடிக்கிறது. கொள்ளுப்பாட்டியின் தலைமுறைப் பெயரோ அதைச் சுமந்தவர்கள் கண்ணைவிட்டு மறைந்துவிட்டதால் மறுபடியும் புத்தம்புதியதாகிவிடுகிறது.

இதை நம் பெயர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அலமு, லச்சு, சரசு, கோமு ஆகியோர் பெரும்பாலும் 1940-க்கு முன் பிறந்தவர்கள். ராஜி, விஜி, மாலா, சாந்தி ஆகியோர் அதற்கு அடுத்த இரண்டு மூன்று பத்தாண்டுகளுக்கு உரியவர்கள். விஜி இன்று வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் குடிநீர்க் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நடமாடும் வரையில் எந்த இளம் தாயும் தன் மகளுக்கு விஜி என்று பெயர் வைக்க மாட்டாள். ஆகவே, வயதில் மூத்த அலமுவே விஜிக்கு முன்னால் திரும்பி வருவாள் என்பது என் கணிப்பு.

செம்மண் எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேசப்பட்ட பெயர்களைப் பாருங்கள்: அலமு, லச்சு, சரசு, ஜானு. குப்பு எங்கே? பிச்சை எங்கே? மூக்காயி எங்கே? இவையும் பாட்டிகளை வீட்டில் கூப்பிட்ட பெயர்கள்தானே. முன்னே பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று பெயரிட்டார்கள். மூக்கைக் குத்தி மூக்காயி என்றார்கள். பிச்சையாகக் கிடைத்தது என்று சொல்லிப் பிச்சையம்மாள் என்றார்கள். எமனுடைய கண்ணில் அந்தக் குழந்தை மதிப்பில்லாததாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. பெண் பிள்ளை இனி வேண்டாம் என்பதற்காகப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் பெற்றவர்கள் இன்னும் உயிரோடு, வாக்காளர் அட்டையில் அதே பெயரோடு இருக்கிறார்கள். இவர்களில் சிலர் வளர்ந்தபின் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பழமையை மீட்போம் என்று எவரும் இந்தப் பெயர்களைத் தேடி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேச்சி, இசக்கி, மாரி ஆகிய பெயர்களைப் பழையவை என்ற பட்டியலில் சேர்ப்பவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். பேச்சியம்மாள் என்ற கல்லூரி மாணவியைத் தோழிகள் பேச்சி என்று கூப்பிடுவது அங்கே அன்றாடம் கேட்கும் ஒலி. குலதெய்வத்தின் பெயர் என்பதால் நாகரிகம் வந்து போவதை அது பொருட்படுத்துவதில்லை. அது போகவே இல்லை என்னும்போது திரும்பி வருமா என்ற கேள்விக்கு இடமேது? நகரத்துக் காதுக்கு எட்டாததை எல்லாம் மறைந்துபோனது என்று கணக்கில் எழுதக் கூடாது.

அலமு வரலாம். வசதியுள்ள வீட்டில், நல்ல ஆங்கிலம் பேசும் பெற்றோரிடம் வந்தால் அதை ‘ரசனை’ என்பார்கள். அதே பெயரைக் கூலி வேலை செய்யும் வீட்டில் வைத்தால் ‘இந்தக் காலத்தில் இப்படியா’ என்பார்கள். பழைய பெயரை நாகரிகமாக மாற்றும் அதிகாரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்கப்படவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

கடைசிப் பத்தியைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். மறுத்துச் சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை.

எதிர்க்கரை அவர்களுக்கு ஒரு விளக்கம். அலமேலு என்பதை ஒரு சாதிக்கு மட்டும் உரிய பெயராகத் திரைப்படம் காட்டியிருக்கலாம். வழக்கில் அப்படி இல்லை. திருச்சானூர்த் தாயாரின் பெயர் என்பதால் திருப்பதிக்கு நேர்ந்துகொள்ளும் எல்லாச் சமூகத்தாரிடமும் அது இருக்கிறது; வேலூர், காஞ்சிபுரம் பக்கம் வயலில் நாற்று நடும் அலமேலுகள் பலர் உண்டு. எங்கள் பாட்டியும் மடிசார் கட்டியவர் அல்லர். அவர் சந்தையில் கருவாடு பேரம் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அந்தத் திரைப்பட மாமி நினைவுக்கே வர மாட்டார்.

கச்சேரிப் பித்து எழுதியது:

இந்த விவாதத்தில் இரண்டு வகைச் செல்லப் பெயர்கள் கலந்து பேசப்படுகின்றன என்று தோன்றுகிறது. மாமியார் பெயரை மருமகள் தன் வாயால் சொல்லக் கூடாது என்பது பழைய வீடுகளின் கட்டுப்பாடு. மூத்த பேத்திக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரை வைக்க வேண்டும் என்பதும் அதே வீடுகளின் கட்டுப்பாடு. இரண்டும் சேர்ந்தால், பெற்ற மகளைத் தாய் பெயர் சொல்லி அழைக்க முடியாது. கோபம் வந்தால் பெயரைச் சொல்லித் திட்டவும் முடியாது, திட்டினால் அது மாமியாரைத் திட்டியதாகிவிடும். அந்த நெருக்கடியில் பிறந்தவைதான் அம்மு, பாப்பா, பட்டு, குஞ்சு முதலியவை. முழுப்பெயரோடு ஒட்டும் உறவும் இல்லாத மறைப்புப் பெயர்கள் அவை.

1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர், இந்த இழையின் நாயகியுடையதேதான்: அலமேலு. வீட்டில் பட்டா என்று அழைத்தார்கள். அதுவே பட்டம்மாளாகி மேடையேறியது. எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டாருக்குக் குஞ்சம்மாள். ஜெயலலிதாவுக்குப் பிறந்தபோது இடப்பட்டது பாட்டியின் பெயரான கோமளவல்லி, வீட்டில் அம்மு. இந்த மறைப்புப் பெயர்களுக்கு மூலப்பெயர் இல்லாததால் மூப்பும் இல்லை. அம்மு என்ற பெயர் மூன்று தலைமுறையாக ஓயாமல் இருக்கிறது, இனியும் இருக்கும். அலமு, சரசு, லச்சு ஆகியவையோ சுருக்கப் பெயர்கள். நாலாம் வீதி அவர்கள் சொன்னதுபோல, மூலப்பெயரின் விதி அவற்றையும் பிடித்துக்கொண்டது.

காவிரிக்கரை அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மாமியார், அலமு பாட்டியின் மருமகள் அல்லவா? அவர் பேத்தியை அந்தப் பெயரால் கூப்பிடுகிறாரா?

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ஒருமுறைகூட அவர் அப்படி அழைக்கவில்லை. ‘பாப்பா’ என்றே சொல்கிறார். நேரடியாகக் கேட்டபோது, வைப்பதில் மறுப்பு ஒன்றும் இல்லை என்றும், தனக்கு மட்டும் நாக்கு வரவில்லை என்றும் சொன்னார்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்து நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் முற்றிலும் வேறாக இருப்பது மிகச் சாதாரணம். ஒருவருடைய மரண அறிவித்தலில்தான் அவருடைய உண்மைப் பெயரை அயலவர் முதன்முதலாக அறிவார்கள். ராசாத்தி, கிளி, பவளம், பூமணி என்று எங்கள் பாட்டிமாரை அழைத்தார்கள். அதற்கு அடுத்து வந்தது பேபி. எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கைக்கு ஒரு பேபியக்கா இருந்தார். அவர்கள் எல்லோரும் இப்போது எழுபது வயதைக் கடந்த பேபி மாமிகள். பேபி என்ற பெயர் திரும்பி வராது என்று எந்தப் பந்தயத்துக்கும் வரத் தயார். தன் காலத்தில் நாகரிகத்துக்காகவே வைத்த பெயரைப் போல விரைவில் பழசாகும் பெயர் வேறில்லை.

எண்பதுகளுக்குப் பின்னர் எங்களிடம் ‘ஷ’, ‘ஜ’ ஒலிகளைக் கோத்து, அகராதியில் இல்லாத பெயர்களைக் கட்டும் பழக்கம் பரவியது. அந்தப் பெயர்களோடு கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த பிள்ளைகள் இப்போது பெற்றோராகி, நிலா, யாழினி, கவி என்று சிறிய, உச்சரிக்க எளிதான தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கிளி என்ற பெயர் ஒருநாள் பிடித்துப்போகும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. இரண்டே எழுத்து, எந்த நாட்டு ஆசிரியரும் சிதைக்க முடியாது.

எதிர்க்கரை எழுதியது:

பேபி பற்றிய கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். அதே அளவுகோலை இன்றைய பெயர்களுக்கும் வைத்தால், எழுபது ஆண்டுக்குப் பிறகு தன்ஷிகா பாட்டியும் மித்து பாட்டியும் கூடத்தில் உட்கார்ந்து, இதே கேள்வியை யாரோ கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அலமு விஷயத்தில் என் ஐயம் தீரவில்லை. ஆனால் திருச்சானூர்த் தாயாரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது சரிதான்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் பிறப்புப் பதிவு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு நடைமுறைக் குறிப்பு. குழந்தையின் பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். அதன்பின் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆனால் ஏறிய பெயரை மாற்றுவது எளிதன்று. அரசிதழ் அறிவிப்பு வரை போக நேரும். ஆகவே பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம், வைத்தபின் சலனமும் வேண்டாம்.

செல்லப் பெயர் வீட்டுக்கு வெளியேயும் வாழ வேண்டுமானால் அதையே சான்றிதழில் எழுதுங்கள். முழுப்பெயரை எழுதிவிட்டால் பள்ளி, ஆதார், கடவுச்சீட்டு என்று எல்லா இடத்திலும் அதுவே ஒலிக்கும். ‘அலமு’ என்ற சொல் பாட்டியோடும் உங்களோடும் நின்றுவிடும்.

நாலாம் வீதி எழுதியது:

எழுத்தர் ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எல்சி, மில்லி திரும்பி வந்ததும் அந்த வழியில்தான் என்று தேம்ஸ் அவர்கள் சொல்லியிருக்கிறார். முழுப்பெயரின் துணையில்லாமல் அலமு தனியாகவே நிற்கட்டும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சான்றிதழில் அலமு என்றே எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். அலர்மேல்மங்கை என்று தூய வடிவில் எழுதச் சொல்லித் தனிமடலில் ஒருவர் அறிவுறுத்தினார். அது பாட்டியின் பெயர் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். நாத்தனாருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அவர் தன் பங்குக்கு ‘ஆலி’ என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார். எஞ்சியிருப்பது ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். இடையில் ‘எல்’ ஒன்று போட்டால் வடநாட்டவர் ‘ஆலமு’ என்று நீட்டுவார்கள் என்கிறார் கணவர். இரண்டு போட்டால் ‘அல்லமு’ ஆகிவிடும் என்கிறேன் நான்.

வருகைப் பதிவேடு எழுதியது:

ஒன்றே போடுங்கள். தெலுங்கில் ‘அல்லம்’ என்றால் இஞ்சி. என் வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய உண்டு, அலமாரி ஒன்றே போதும்.